குளுட்டாதயோன் அளவைச் சாப்பாட்டிலேயே கூட்ட முடியுமா?

குளுட்டாதயோன் மாத்திரை வாங்கலாமா, இல்லை சாப்பாடே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன மாதம் என் அக்கா மகளும் இதையே கேட்டாள். முகம் வெளுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு டப்பா வாங்கியும் வைத்திருந்தாள்.

குளுட்டாதயோன் என்பது செல்கள் கெடாமல் காக்கும் ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பான். இதை உடம்பே செய்துகொள்கிறது, அதிகமாகக் கல்லீரலில். சிஸ்டீன், குளுட்டமேட், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்ததுதான் குளுட்டாதயோன். மூன்றில் பெரும்பாலும் பற்றாமல் போவது சிஸ்டீன். மாத்திரையாக விழுங்கினாலோ பெரும்பகுதி குடலிலேயே உடைந்துவிடும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளைக்குப் பக்கம். இங்கே மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு வேகாத வீடு கிடையாது. அதில் சயனைடாக மாறும் பொருள் உண்டு. அதனால்தான் அம்மா தோலுரித்து நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு மறுபடியும் வேகவைப்பார். மிச்சமிருப்பதை உடம்பு கந்தகத்தைக் கொண்டு மாற்றிச் சிறுநீரில் தள்ளுகிறது. அந்தக் கந்தகம் வருவதும், குளுட்டாதயோனுக்கு வேண்டிய அதே சிஸ்டீனும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் உள்ள புரதத்திலிருந்துதான். ஆக, மரச்சீனிக்குப் பக்கத்தில் சாளை (மத்தி மீன்) கறி இருப்பது ருசிக்கு மட்டும் இல்லை. வெறும் மிளகாய்ச் சம்மந்தி (துவையல்) தொட்டுக்கொண்டு மரச்சீனியிலேயே நாளை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஒரு முட்டையாவது, ஒரு கை பயறாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். சாளையில் செலினியமும் இருக்கிறது. குளுட்டாதயோனை வேலை வாங்கும் நொதிக்கு அது வேண்டும்.

பூண்டு, உள்ளி (வெங்காயம்), முட்டைக்கோஸ் எல்லாம் கந்தகம் உள்ளவை. பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் போடுங்கள். உடனே சூடு பட்டால் அதன் நொதி வேலை செய்யாது. குளுட்டாதயோனுக்குத் துணையாக நிற்கும் வைட்டமின் சி-க்கு நெல்லிக்காய், கொய்யா.

சேர்ப்பதைவிட, இருப்பதைக் கரைக்காமல் இருப்பது பெரிய விஷயம். குடி கல்லீரலின் குளுட்டாதயோனைக் குறைக்கிறது. பாராசிட்டமால் அளவு மீறினால் அது மொத்தமாகத் தீர்ந்து கல்லீரலே கெட்டுப்போகும். அப்போது மருத்துவமனையில் ஏற்றும் மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன், அதாவது சிஸ்டீனின் இன்னொரு வடிவம். குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தலைவலி என்று இஷ்டத்துக்கு மாத்திரை போடாதீர்கள், தயவுசெய்து.

ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்றாலே நல்லது என்றும் நினைக்க வேண்டாம். பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. இன்னொரு தடுப்பானான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த வகை மாத்திரை எதையும் தொடவே வேண்டாம்.