குளிசைப் பையை ஒருக்கால் கொட்டிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பாமசி நடத்தும் மருந்தாளர் ஒருவர் வாசகர்களுக்குத் தரும் பதில்கள்.

நல்லூர்: அம்மாவுக்கு 78 வயது. கால் எரிவுக்கு அமிட்ரிப்டிலின் குடிக்கிறா. தடிமனுக்குப் பிரிட்டோன் வாங்கிக் கொடுத்தோம். இரண்டாம் இரவு என்னையே ஆர் எண்டு கேட்டா. மறதி நோயா?

அப்படி முடிவு கட்டாதீர்கள், தங்கச்சி. மறதி நோய் மெல்ல மெல்ல வரும். இரண்டு நாளில் வந்த குழப்பத்துக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். அசிட்டைல்கோலின் என்ற பொருள் மூளை, குடல், சலப்பை, கண், உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாவற்றிலும் நரம்பின் செய்தியைக் கொண்டுபோகிறது. அம்மா குடித்த இரண்டு மருந்தும் அதை மறிப்பவை. ஒன்றைத் தாங்கிய உடம்பு இரண்டு சேரும்போது தாங்காது, அதுவும் இந்த வயதில். வாய் காய்வதும் மலச்சிக்கலும் முன்னமே இருந்திருக்கலாம். வயசுக்கோளாறு என்று விட்டிருப்பீர்கள். பிரிட்டோனை நிறுத்தி, இன்றே டொக்டரிடம் காட்டுங்கள். சலத்தில் கிருமி, இரத்தத்தில் உப்புக் குறைவு என்பவையும் இப்படிக் குழப்பும். வீட்டிலுள்ள குளிசை, பாணி எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள். பாமசியில் நீங்களாக வாங்கியது கிளினிக் கொப்பியில் இருக்காது.

சாவகச்சேரி: எனக்குப் புரஸ்டேட் வீக்கம். தடிமன் குளிசை குடிக்கலாமா?

கேட்காமல் குடிக்காதீர்கள், அண்ணை. பிரிட்டோன் போன்ற தடிமன் குளிசைகள் சலப்பையிலும் அசிட்டைல்கோலினை மறிக்கும், சலம் அடைத்துவிடலாம். அடிவயிறு வீங்கி ஒரு சொட்டும் போகவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. கண் அழுத்தம் உள்ளவர்களும் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

சுன்னாகம்: தம்பி மனநல கிளினிக் மருந்தோடு பென்ஸ்ஹெக்சோலும் எடுக்கிறான். வெங்காயத் தோட்டத்தில் வேலை. அதை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். மற்ற மருந்தால் வரும் நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும்தான் அதைக் கொடுப்பார்கள். திடீரென விட்டால் அவை திரும்பலாம். ஆனால் ‘இது இன்னும் தேவையா?’ என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். பலருக்குக் காலம் முழுக்கத் தேவைப்படாது, படிப்படியாகக் குறைப்பார்கள். எனக்குப் பயம் வெயில்தான். பென்ஸ்ஹெக்சோலும் அசிட்டைல்கோலினை மறிக்கும் மருந்துதான். அது வியர்வையைக் குறைக்கும், உடம்புச் சூடு வெளியே போகாது. சித்திரை, வைகாசியில் உச்சி வெயிலில் தம்பியைத் தோட்டத்தில் நிற்க விடாதீர்கள். தோல் காய்ந்து சுட்டு, பேச்சுத் தடுமாறினால் நிழலுக்குக் கொண்டுவந்து, தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.

காரைநகர்: முட்டுக்கு (மூச்சிழுப்புக்கு) ஊமத்தம் இலைப் புகை நல்லதெண்டு அப்பு சொல்லுவார். பிடிக்கலாமா?

வேண்டாம். அதிலும் அசிட்டைல்கோலினை மறிக்கும் அத்திரோபினும் ஸ்கொபொலமினும் இருக்கின்றன, அளவு செடிக்குச் செடி மாறும். சிலவகைப் பூச்சிமருந்து குடித்தவரைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியிலும் அத்திரோபின்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் நாடியையும் நெஞ்சையும் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள். முட்டுக்கு இன்ஹேலர் இருக்கிறது, அப்புவுக்கும் அதைச் சொல்லுங்கள்.