நோயோடு பாடலாமா, ஆடலாமா? வாசகர் கேள்விகளுக்கு வைத்தியர் பதில்

நீண்டகால நோயுடன் வாழ்பவர்கள் மருந்தைப் பற்றிக் கேட்பதைவிட, "இனிப் பாடலாமா, ஆடலாமா?" என்று கேட்கும்போதுதான் நான் நின்று யோசிக்கிறேன். பெரும்பாலும் என் பதில் "ஆம்". ஆனால் உங்கள் நோய் என்ன செய்யும் என்பது உங்களோடு இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: கல்லடியில் பிள்ளைகளுக்கு வீணை கற்பிக்கிறேன். வயது 41. முடக்குவாதத்துக்குக் கிளினிக் போகிறேன். காலையில் விரல்கள் மடங்குவதில்லை, மாலையில் நன்றாகவே வாசிக்கிறேன். "வீட்டு வேலைக்கு மட்டும்தான் கை நோகுமா?" என்று கணவர் கேட்டுவிட்டார். வீணையை விட்டுவிடவா?

விடாதீர்கள். இந்த நோயில் மூட்டுகளின் உட்சவ்வு வீங்குகிறது. இரவில் அசையாதிருந்த விரல்கள் காலையில் இறுகிக் கிடக்கும். இளகுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். விடியற்காலையில் தேங்காய் துருவ முடியாத அதே கை மாலையில் வீணை மீட்டுவது நோயின் இயல்பு, நடிப்பன்று. அடுத்த கிளினிக்குக்குக் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். இதை வைத்தியரின் வாயால் அவர் கேட்கட்டும். வீட்டில் "என்னால் முடியவில்லை" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "துருவுவது, பிழிவது, பாரமான சட்டி தூக்குவது காலையில் முடியாது, பத்து மணிக்குப் பின் சமைக்கிறேன்" என்று வேலையையும் நேரத்தையும் சொல்லுங்கள். அப்போதுதான் மற்றவர்கள் எதைக் கையிலெடுப்பது என்று அறிவார்கள்.

வாசிக்குமுன் இளஞ்சூட்டு நீரில் கைகளை வையுங்கள். இடையிடையே ஓய்வெடுங்கள். தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது இடக்கை விரல்களை வருத்தும். அத்தகைய உருப்படிகளை நல்ல நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கிய நாளில் வீணையைத் தொடாமல், பாடியும் தாளம் போட்டும் கற்பியுங்கள்.

மெதோட்ரெக்ஸேட் குளிசை தந்திருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அது வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுப்பது. தவறி நாளாந்தம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று கலண்டரில் எழுதி வையுங்கள், வீட்டாருக்கும் தெரியட்டும்.

கேள்வி: ஏறாவூர்ப்பற்றைச் சேர்ந்த தென்மோடிக் கூத்தாடி நான். வயது 52, இன்சுலின் போடுகிறேன். அரங்கேற்றம் விடிய விடிய நடக்கும். அன்று மாலை ஊசியை விட்டுவிடலாமா?

நீங்களாக விட வேண்டாம். அரங்கேற்றத்துக்கு முந்திய முழு ஒத்திகையான அடுக்குப் பார்க்கும் நாளுக்கு முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். எத்தனை அலகு குறைப்பது என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். ஆட்டம் இரத்தச் சீனியைக் குறைக்கும். ஆடி முடித்துப் பல மணி நேரத்துக்குப் பின்னும் குறையலாம் என்பதால், விடிந்ததும் சாப்பிடாமல் படுக்காதீர்கள். அன்று சாராயம் அறவே வேண்டாம்; அது ஆபத்தைக் கூட்டும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. சீனி குறைந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். கூத்து உடுப்போடு ஆடுகிறவருக்கு இவையெல்லாம் எப்படியும் வரும், அடையாளம் மறைந்துவிடும். எனவே கூத்தாடும் மேடையான களரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் மீட்டரில் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால் மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரிடமும் பிற்பாட்டுக்காரரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் பாட்டு அவர்களுக்கு மனப்பாடம். தெரிந்த வரியில் நீங்கள் தடுமாறினால் முதலில் கவனிக்கப்போவது அவர்கள்தான். நினைவிழந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

சதங்கைக்கு அடியில் தடித்த துணி சுற்றுங்கள். ஆடிய பின் உள்ளங்கால்களை வெளிச்சத்தில் பாருங்கள். உணர்வு குறைந்த காலில் முள் தைத்தாலும் தெரியாது.

கேள்வி: அக்கரைப்பற்றில் பஜனைக் குழுவில் பாடுகிறேன். ஆஸ்துமா இன்ஹேலரால் குரல் கரகரக்கிறது. இன்ஹேலரை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். ஸ்டீரொய்ட் இன்ஹேலரை ஸ்பேசர் (அதன் வாயில் பொருத்தும் குழாய்) வழியாக இழுத்து, பின்னர் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். பலருக்குக் கரகரப்புக் குறையும். குறையாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்தை மாற்றிப் பார்க்கலாம். சாம்பிராணிப் புகையிலிருந்து தள்ளி அமருங்கள். தோழிகள் கோபிக்க மாட்டார்கள்.

கேள்வி: என் நண்பர் ஆர்மோனியம் வாசிப்பவர். டயலிசிஸ் தொடங்கியபின் எங்களோடு சேர்வதில்லை. அழைத்தால் தொந்தரவா?

அழையுங்கள். சிகிச்சை நாளில் பலருக்கு உடம்பு சோர்ந்துவிடும். இடைப்பட்ட நாளில் அவர் வீட்டுக்கே போய், அரை மணி நேரம் வாசித்துவிட்டு வாருங்கள். வராத நாட்களுக்கு விளக்கம் கேட்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது இளநீரும் வாழைப்பழமும் கொண்டு போவது நம் வழக்கம். அவருக்கு அவை வேண்டாம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். தேநீருக்கும் அவருக்கு அளவு உண்டு, வற்புறுத்தாதீர்கள். டயலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய் இணைப்புச் செய்திருந்தால் அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. ஆர்மோனியப் பெட்டியை நீங்களே எடுத்து வையுங்கள்.