செர்பியா கொடுத்த ஆட்கள், கொடுக்காத காகிதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்க்குற்றம் சாட்டப்பட்டவர்களை ஒப்படைத்தால்தான் உலக நாடுகளோடு மறுபடி சேர முடியும் என்ற நிபந்தனை எங்காவது பலித்திருக்கிறதா? செர்பியாவைச் சொல்கிறார்கள். அங்கே பணத்துக்காக ஆளைக் கொடுத்ததுதானே நடந்தது? அதை நீதி என்று எப்படிச் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணத்துக்காகத்தான். 2001ஆம் ஆண்டின் தேதிகளே அதைச் சொல்லிவிடும். அமெரிக்க உதவி தொடர மார்ச் 31 கெடு; செர்பியாவின் முன்னாள் அதிபர் மிலோஷெவிச் கைதானது ஏப்ரல் 1 விடியற்காலை. ஜூன் 29 அன்று பிரஸ்ஸல்ஸில் நிதி மாநாடு. முந்தைய நாளே அவர் ஹேக் நகரின் போர்க்குற்ற நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டார். மாநாட்டில் கிடைத்த வாக்குறுதி சுமார் 128 கோடி டாலர். ஆனால் அனுப்பிவைத்த செர்பியப் பிரதமர் ஜின்ஜிச் 2003 மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்டார். விலையைப் பேசும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போர்களின் குற்றங்களை விசாரிக்க ஐ.நா. 1993இல் அமைத்த அந்த நீதிமன்றம் 161 பேர்மீது குற்றம் சாட்டியது. கைது செய்ய அதற்கென்று போலீஸ் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டியது ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதற்கான படிக்கட்டு: முதற்கட்ட ஒப்பந்தப் பேச்சு, கையெழுத்து, அமலாக்கம், வேட்பாளர் தகுதி, உறுப்பினர் பேச்சு. முக்கியமான படிகளில் எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒரு நாடு மறுத்தால் போதும், காரியம் நின்றுவிடும். ஒத்துழைப்பு முழுமையா என்பதற்கு அளவுகோல், ஹேக் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டும் தரப்பின் தலைமை வழக்கறிஞர் தரும் அறிக்கை.

குரோஷியாவின் உறுப்பினர் பேச்சு 2005 மார்ச் 17 அன்று தொடங்க இருந்தது. செர்பியர்கள்மீது குற்றம் புரிந்ததாகத் தேடப்பட்ட குரோஷியத் தளபதி கொட்டோவினா என்ற ஒருவருக்காக முந்தைய நாள் அதைத் தள்ளிவைத்தார்கள். அக்டோபரில் வழக்கறிஞர் டெல் போன்டே சாதகமாக அறிக்கை தந்ததும் பேச்சு தொடங்கியது. டிசம்பரில் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் கொட்டோவினா பிடிபட்டார். 2012இல் மேல்முறையீட்டில் விடுதலையும் ஆனார். விசாரணைக்கு ஆளைக் கொடு என்பதுதான் நிபந்தனை, குற்றத்தை ஒப்புக்கொள் என்பதல்ல. செர்பியர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஆறாத கசப்பு என்பது வேறு விஷயம்.

செர்பியாவோடு நடந்த ஒப்பந்தப் பேச்சு, போஸ்னிய செர்பியர்களின் ராணுவத் தளபதி ம்லாடிச் ஒப்படைக்கப்படாததால் 2006 மே மாதம் நின்றது. 2008 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது, ஆனால் நெதர்லாந்து அதை அமலுக்கு வரவிடவில்லை. ஜூலையில் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் புதிய அரசு அமைந்தது. இரண்டே வாரத்தில் போஸ்னிய செர்பியர்களின் அரசியல் தலைவர் கராஜிச் அகப்பட்டார்: நீண்ட தாடி, வேறு பெயர், மாற்று மருத்துவம் பார்ப்பவர் என்ற வேஷம். பதின்மூன்று வருடம் கிடைக்காதவர்! 'தேடுகிறோம், கிடைக்கவில்லை' என்று எந்த அரசு சொன்னாலும் இந்த இரண்டு வாரம்தான் நினைவுக்கு வருகிறது. 2011 மே மாதம் லசாரெவோ கிராமத்தில் ம்லாடிச், ஜூலையில் கடைசித் தலைமறைவான குரோஷிய செர்பியர் தலைவர் ஹாஜிச். 2012 மார்ச்சில் வேட்பாளர் தகுதி கைக்கு வந்தது.

கோட்டை விட்டது எங்கே என்றால், நிபந்தனை தலைகளை மட்டும் எண்ணியது. போர்க்காலத்தில் ராணுவத்துக்கு மேலே இருந்த உச்ச பாதுகாப்பு மன்றத்தின் கூட்டக் குறிப்புகளைச் செர்பியா ஹேக் போர்க்குற்ற நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. ஆனால் முக்கியப் பகுதிகள் வெளியே போகாதபடி பாதுகாப்பு வாங்கிக்கொண்டது. போஸ்னியா தொடுத்த இனப்படுகொலை வழக்கை விசாரித்தது வேறொரு நீதிமன்றம், நாடுகளுக்கிடையேயான வழக்குகளைப் பார்க்கும் சர்வதேச நீதிமன்றம். அது அவற்றை முழுமையாகப் பார்க்காமலே 2007இல் தீர்ப்பளித்தது: செர்பிய அரசு இனப்படுகொலை செய்யவில்லை, ஆனால் 1995இல் ஆயிரக்கணக்கான போஸ்னிய முஸ்லிம்கள் கொல்லப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா நகரில் அதைத் தடுக்கத் தவறியது.

ஆட்கள் தீர்ந்ததும் கேட்க எதுவும் மிச்சமில்லாமல் போனது. கொசோவோ குற்றங்களுக்காகத் தண்டனை பெற்ற தளபதி லசாரெவிச்சை 2015இல் அரசு விமானத்தில் அழைத்துவந்தார்கள், அமைச்சர்கள் வரவேற்றார்கள்; 2017இல் ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்த அழைத்தார்கள். அதற்கு முன்பே, 2010இல், ஸ்ரெப்ரெனிட்சா குற்றத்தைக் கண்டித்த செர்பிய நாடாளுமன்றத் தீர்மானத்தில் 'இனப்படுகொலை' என்ற சொல்லே இல்லை.

ஆகவே நீங்கள் கேட்ட நீதி பாதிதான் கிடைத்தது. ஆனால் ம்லாடிச்சுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது அந்தப் பாதியில்தான். இன்று இப்படி ஒரு நிபந்தனையை எழுதுபவர்கள் பெயர்ப் பட்டியலோடு ஆவணக் காப்பகத்தின் சாவி, உள்நாட்டு வழக்குகள், தண்டனை பெற்றவரின் பதவிப் பட்டம் மூன்றையும் சேர்க்க வேண்டும். அவற்றைக் கடைசிப் படிவரை பிடித்துவைக்கவும் வேண்டும்.