ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரக் கம்பெனி ஒன்றை வாங்க லண்டன் வக்கீலே போதாதா? அங்குள்ள பர்னஸ் பால் வக்கீல் நிறுவனம் எப்படி?

போதாது. ஸ்காட்லாந்தின் சொத்துச் சட்டமும் நீதிமன்றமும் தனி. பெரும்பாலும் சிக்கல் வருவது கடன் ஆவணத்தில்தான். இங்கிலாந்து பாணியில் எழுதிய அடமானம் ஸ்காட்லாந்து நிலத்தைப் பிடிக்காது. 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி 'ஸ்டாண்டர்ட் செக்யூரிட்டி' என்ற ஸ்காட்லாந்து அடமானப் பத்திரம் எழுதி, நிலப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கடன் வாங்குவது கம்பெனி என்றால், அந்தப் பதிவு நாளிலிருந்து 21 நாட்களுக்குள் பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸிலும் பதிய வேண்டும். தவறினால், கம்பெனி திவாலாகும்போது அந்த அடமானம் செல்லாது.

பர்னஸ் பால், எடின்பரோவின் பர்னஸும் அபர்டீனின் பால் அண்ட் வில்லியம்சன்ஸும் 2012-இல் இணைந்து உருவானது. கம்பெனி வாங்கல்-விற்றல் அனுபவம் ஒரு பக்கம், வட கடல் எண்ணெய்த் தொழில் பரிச்சயம் மறுபக்கம். உங்கள் வேலைக்கு இந்தச் சேர்க்கைதான் முக்கியம். மெக்ரிகர்ஸ் (2012), டன்டாஸ் அண்ட் வில்சன் (2014), மக்லே மரே அண்ட் ஸ்பென்ஸ் (2017) ஆகிய ஸ்காட்லாந்து வக்கீல் நிறுவனங்கள் எல்லாம் பெரிய நிறுவனங்களில் கரைந்த காலத்தில் இது தனித்தே நின்றது.

வக்கீல் நிறுவனங்களை மதிப்பிடும் சேம்பர்ஸ் தரவரிசையைப் பார்த்தால் மொத்தப் பெயரை நம்பாதீர்கள். துறைவாரிப் பட்டியலைப் பாருங்கள். இன்னொன்று: ஸ்காட்லாந்து சின்னச் சந்தை. எதிர்த்தரப்புக்கோ அவர்களுடைய வங்கிக்கோ இதே நிறுவனம் வேலை செய்கிறதா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். அப்படியென்றால் 1739-இல் தொடங்கிய பிராடீஸ் என்ற ஸ்காட்லாந்து வக்கீல் நிறுவனத்தையும் விசாரிக்கலாம்.