வாசகர் கேள்வி – பதில்: இரட்டைத் தட்டு விமானத்துக்கு எது தடை?

கேள்வி: லண்டனிலிருந்து வந்த என் மகள், டுபாய் வரை இரட்டைத் தட்டு விமானத்திலும் அங்கிருந்து கட்டுநாயக்கவுக்குச் சிறிய விமானத்திலும் வந்ததாகச் சொன்னாள். நமது ஓடுபாதையின் நீளம் போதாதா? (வாசகி, முள்ளியவளை)

பதில்: நீளத்தில் குறை இல்லை, அம்மா. கட்டுநாயக்க ஓடுபாதை 3,350 மீற்றர் நீளமானது. 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை பகல் வேளைகளில் விமான நிலையத்தை மூடி ஓடுபாதையைப் புதுப்பித்தார்கள். அவ்வாண்டு ஓகஸ்டில் எமிரேட்ஸ் நிறுவனத்தின் எயார்பஸ் ஏ380, அதாவது உங்கள் மகள் ஏறிய அதே இரட்டைத் தட்டு விமான வகை, சிறப்புப் பறப்பாக அங்கு வந்திறங்கியது. மகள் சிறியது என்று சொன்ன விமானம் போயிங் 777-300 ஆக இருந்திருந்தால், அது நீளத்தில் ஏ380ஐ விட ஒரு மீற்றர் கூடியது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

சிக்கல் நீளத்தில் அல்ல, இறக்கையில் இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, இறக்கை விரிவு 65 மீற்றரிலிருந்து 80 மீற்றருக்குள் இருக்கும் விமானங்களை ‘எப்’ என்ற வகுப்பில் சேர்த்திருக்கிறது. ஏ380இன் இறக்கை அந்த எல்லைக்குள் மட்டுமட்டாக அடங்கும்படி ஏறத்தாழ 79.8 மீற்றராக அமைக்கப்பட்டது. 45 மீற்றர் அகலமான ஓடுபாதையின் நடுக்கோட்டில் இவ்விமானம் நிற்கும்போது, சில்லுகள் தார்ப்பரப்பில் இருந்தாலும், வெளிப்புறத்து இரண்டு இயந்திரங்களும் ஓரத்தைத் தாண்டி வெளியே நிற்கும். வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒழுங்கையால் போகும்போது பாரம் இரு பக்க வேலிகளுக்கும் மேலாகத் தள்ளி நிற்பதைப் போன்றது இது. ஓரத்தில் கிடக்கும் கல்லையோ புல்லையோ இயந்திரம் உறிஞ்சிவிட்டால் பெருஞ்சேதம் என்பதால், ஓடுபாதையின் இரு பக்கத் தோள்களையும் கெட்டியாக மூடிப் பரப்ப வேண்டியிருக்கிறது. தரையிறங்கிய பின் வேகத்தைக் குறைக்க உந்துவிசையை எதிர்த்திசைக்குத் திருப்பும் அமைப்புக்கூட, ஏ380இன் நான்கு இயந்திரங்களில் உட்புறத்து இரண்டுக்கு மட்டுமே பொருத்தப்பட்டிருக்கிறது. வெளிப்புறத்து இரண்டும் ஓரத்துக் குப்பையைக் கிளப்பிவிடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம்.

இறங்கிய பின்னரும் செலவு தொடர்கிறது. ஓடுபாதைக்கும் தரிப்பிடத்துக்கும் இடையே விமானம் ஊர்ந்து செல்லும் உடுவீதிகளின் வளைவுகள் விரிய வேண்டும், தரிப்பிடங்களுக்கு இடையே இடைவெளி கூட வேண்டும், ஐந்நூறு பேர் வரை ஒன்றாக இறங்குவதற்கு மேல்தட்டுக்கும் தனியாக ஏறுபாலம் வேண்டும். உடற்பகுதியின் அகலம் 7 மீற்றரைத் தாண்டுவதால் தீயணைப்புப் பிரிவும் மிக உயர்ந்த பத்தாம் தரத்தில் இருக்க வேண்டும். டுபாய் இவ்விமானத்துக்கென்றே தனிக் கட்டடம் ஒன்றை 2013இல் திறந்தது. நாள்தோறும் அத்தனை பயணிகள் சேரும் இடத்தில்தான் இவ்வளவு முதலீடு பலன் தரும். கொழும்புக்கு வரும் கூட்டத்துக்கு 777 போதுமானது என்று நிறுவனங்கள் கணக்குப் பார்த்திருக்கின்றன, அந்தக் கணக்கு சரியென்றே எனக்கும் படுகிறது.

கேள்வி: ஏ380 விமானம் 575 தொன் பாரத்தோடு இறங்கினால் ஓடுபாதை உடையாதா? (உயர்தர மாணவர், கிளிநொச்சி)

பதில்: தம்பி, 575 தொன் என்பது புறப்படும்போது அனுமதிக்கப்படும் உச்ச எடை. இறங்கும்போது எரிபொருள் தீர்ந்து எடை நன்றாகக் குறைந்திருக்கும். அதோடு, ஓடுபாதை தாங்க வேண்டியது மொத்த எடையை அல்ல, ஒவ்வொரு சில்லும் அழுத்தும் பாரத்தையே. ஏ380க்கு முன் சில்லுகள் இரண்டைத் தவிர 20 பிரதான சில்லுகள் உள்ளன. ஏறத்தாழ 351 தொன் எடையுள்ள 777-300இஆர் விமானத்துக்கோ 12 மட்டுமே. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், சில்லொன்றுக்கு விழும் பாரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். எனவே 777ஐத் தாங்கும் தளம் ஏ380ஐக் கண்டு பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. மதகுகளையும் சுரங்கப் பாதைகளையும் மட்டும் தனியே கணக்கிட்டுப் பார்ப்பார்கள், ஏனென்றால் அங்கே மொத்த எடையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

கேள்வி: பெரிய விமானத்தின் பின்னால் சிறிய விமானங்களை உடனே இறக்கமாட்டார்கள் என்பது உண்மையா? (வாசகர், மாங்குளம்)

பதில்: உண்மை. இறக்கை நுனியிலிருந்து கிளம்பும் காற்றுச் சுழல், விமானம் கடந்து சென்ற பின்னரும் சில நிமிடங்கள் நிற்கும். அதனால் ஏ380இன் விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு முதலில் தொடர்பு கொள்ளும்போது தன் பறப்பு இலக்கத்தோடு ‘சூப்பர்’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2008இல் வந்த வழிகாட்டலின்படி, நடுத்தர விமானம் அதற்குப் பின்னே 7 கடல் மைல், அதாவது சுமார் 13 கிலோமீற்றர் இடைவெளி விட்டே இறங்க வேண்டும்.

கேள்வி: பலாலிக்குப் பெரிய விமானங்கள் வந்தால் வன்னியில் உள்ள நாங்கள் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லையே? (வாசகர், வவுனியா)

பதில்: பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைப் பறப்புகளில் எழுபது பேரளவில் ஏறக்கூடிய, 27 மீற்றர் இறக்கையுள்ள ஏ.ரி.ஆர் 72 வகை விமானங்கள் ஈடுபடுத்தப்பட்டுள்ளன. ஓடுபாதையை நீட்டுவதற்குக் காணி வேண்டும். அங்கே காணி என்றால், திரும்பி வரக் காத்திருக்கும் வலிகாமம் வடக்கு மக்களின் காணிதான். இரணைமடுவிலும் வவுனியாவிலும் உள்ள ஓடுபாதைகள் விமானப்படையின் பொறுப்பில் உள்ளன. ஏ380ஐ எதிர்பார்த்து 3,500 மீற்றர் நீளமும் 60 மீற்றர் அகலமுமாக ஓடுபாதை அமைத்து 2013 மார்ச்சில் திறந்த, அம்பாந்தோட்டை மாவட்டத்து மத்தள விமான நிலையத்துக்கு, பயணிகள் இல்லாமையால் விமான நிறுவனங்கள் நிலைத்து வரவில்லை. ஆகவே பலாலிக்கு முதலில் கேட்க வேண்டியது, நூற்றைம்பது பேரளவில் ஏற்றும் ஏ320 போன்ற விமானம் இறங்கும் வசதியையும், திருச்சி போன்ற நகரங்களுக்கு ஒழுங்கான நேர அட்டவணையையும் என்பது என் கருத்து.