ஸ்டியரிங் கனமாகி, ஸ்கேனரில் யு0131 (U0131) என்ற எரர் கோட் வருகிறது. பவர் ஸ்டியரிங் யூனிட்டையே மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பவர் ஸ்டியரிங் மாட்யூலோடு (அதை இயக்கும் கம்ப்யூட்டர்) காரின் மற்ற மாட்யூல்களால் பேச முடியவில்லை என்றுதான் அந்த எரர் கோட் சொல்கிறது. மாட்யூல் செத்துவிட்டது என்று சொல்லவில்லை.

முதலில் பேட்டரி: இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அடுத்து இபிஎஸ் (மோட்டாரில் இயங்கும் பவர் ஸ்டியரிங்) ஃப்யூஸ், பிறகு எர்த். எர்த்தை ஓம்ஸில் பார்த்து ஏமாறாதீர்கள். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். மோட்டார் கரண்ட் இழுக்கும்போதுதான் அது கைவிடும். இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மாட்யூல் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2-ஐத் தாண்டினால் எர்த் முனையைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள்.

பிறகு கேன் (CAN) லைன், அதாவது மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு வயர்கள். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6, 14 பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம்ஸ் வர வேண்டும். 120 என்றால் லைன் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் ஷார்ட். 60 வந்தாலும் இபிஎஸ்ஸுக்குப் போகும் கிளை மட்டும் அறுந்திருக்கலாம், ஆகவே இபிஎஸ் கனெக்டரிலும் அளந்துவிடுங்கள். ஓபிடி சாக்கெட்டுக்கும் கேன் லைனுக்கும் நடுவே கேட்வே என்ற மாட்யூல் உள்ள கார்களில் இபிஎஸ் கனெக்டரில் அளப்பதே சரி. கனெக்டருக்குள் பச்சை பூத்த பின்கள், உள்ளே தள்ளப்பட்ட பின்கள் இரண்டையும் டார்ச் அடித்துத் தேடுங்கள்.

சப்ளை, எர்த், கேன் மூன்றும் கனெக்டர் வரை சரியாக வந்தும் மாட்யூல் பேசாவிட்டால் மட்டுமே அதை மாற்றலாம். மாற்றினால் கோடிங்கும் (புது மாட்யூலை அந்தக் காருக்கு ஏற்ப செட் செய்வது), ஸ்டியரிங்கைத் திருப்பும் விசையை அளக்கும் டார்க் (torque) சென்சாரின் பூஜ்ய காலிபரேஷனும் செய்ய வேண்டியிருக்கும்; விட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.