செருப்புக்கடி ஏன் ஆறவில்லை?

தங்கச்சி, இலங்கை ஹட்டனிலிருந்து சென்னை தண்டையார்பேட்டைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, புதுச் செருப்பு கடித்த குதிகால் புண் பத்து நாளாகியும் ஈரமாகவே இருக்கிறது, நம்மூரில் இப்படி இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். நானும் அந்தப் பக்கம்தான். ராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருடம்.

அட்டைக்கடியைக் கழுவிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிற பழக்கம் இங்கே எடுபடாது. மே மாதக் கத்திரி வெயிலைவிடக் கடற்கரைப் புழுக்கம்தான் தொல்லை. வேர்வை உலராமல், ஒட்டிய பேண்டெய்டுக்கு அடியில் தோல் வெளுத்து ஊறிவிடும். அப்புறம் எங்கே ஆறுவது? தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் மக்கில் மொண்டு மேலிருந்து ஊற்றுங்கள். ஒற்றி எடுத்து, மெல்லிய காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். கட்டு நனைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். காற்றாட விடச் சொல்வார்கள். ஈ மொய்க்கிற தெருவில் நான் மூடித்தான் வைப்பேன். மஞ்சள், காபித்தூள், பேஸ்ட் எதுவும் வேண்டாம். குதிகாலில் வார் படாத செருப்பாகப் போடுங்கள்.

மெடிக்கலில் பேண்டெய்டை நம்மூர் மாதிரி ‘பிளாஸ்டர்’ என்று கேட்காதீர்கள். நான் கேட்டபோது, “எலும்பு உடைஞ்சிடுச்சாம்மா?” என்றார் கடைக்காரர்.

வந்த வருடம் காசிமேட்டில் கெளுத்தி வாங்கி, வெட்டித் தருகிற அம்மாவிடம் கொடுக்காமல் வீட்டில் நானே ஆய்ந்தேன். முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து என் கையை அதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த முள்ளின் விஷம் சூட்டுக்கு முறியுமாம். முக்கால் மணி நேரத்தில் வலி இறங்கிவிட்டது. சரி, போய்விட்டது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் விரல் வீங்கி, சிவப்பு மணிக்கட்டை நோக்கி ஏறியது. ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். உள்ளே முள் துணுக்கு தங்கியிருந்ததாம். கடைசியாக டி.டி. என்கிற டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். முழித்தேன்.

அந்த ஊசி போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால், அழுக்குக் காயம் என்றால் 5 வருடம் தாண்டியிருந்தாலே, மறுபடி போடச் சொல்வார்கள். செருப்புக்கடிக்குப் பத்து நாள் அதிகம். நாளைக்கே மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், காசு கிடையாது. சுகர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சீழ், காய்ச்சல், சுற்றிலும் பரவுகிற சிவப்பு என்று ஏதாவது தெரிந்தால் அங்கே நிற்காமல் நேராக ஸ்டான்லிக்குப் போய்விடுங்கள்.